இடிக்கிறதுக்கு முன்னாடி ஒரு தடவை மாடி ஏறிப் பாருங்க

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை நம்ம பேப்பர்ல வீடு மனை பக்கத்துல வந்த கட்டுரைய படிச்சேன். பெங்களூர்ல பழைய வீடு வாங்கினா மண்ணுக்கு மட்டும்தான் விலை, மேல நிக்கிற கட்டடத்துக்கு பைசா மதிப்பு கிடையாது, வாங்கின கையோட இடிச்சிட்டு மூணு மாடி கட்டி வாடகைக்கு விடுறதுதான் புத்திசாலித்தனம்னு அதுல எழுதியிருந்தாங்க. படிச்சதுலருந்து மனசு ஆறல, அதான் எழுதுறேன், கொஞ்சம் நீளமா போகும், முடிஞ்சா முழுசா போடுங்க.

நான் அல்சூர்ல பொறந்து வளந்தவன். எங்க தாத்தா வேலூர் பக்கத்துலருந்து இங்க கொத்து வேலைக்கு வந்தவரு. நான் எலக்ட்ரிக்கல் கான்ட்ராக்ட் எடுத்து பண்ணிட்டிருந்தேன், 2011லருந்து பழைய வீடு வாங்கி சரி பண்ணி விக்கிறதோ வாடகைக்கு விடுறதோதான் பொழப்பு. இதுவரைக்கும் அஞ்சு வீடு. ரெண்டு வித்துட்டேன், ரெண்டு வாடகையில இருக்கு, ஒண்ண மட்டும் இடிச்சேன், அது ஏன்னு பின்னாடி சொல்றேன். நான் இதுல காசு சம்பாதிக்கிறவன்தான், தர்மத்துக்கு பண்ணல. ஆனா அந்த கட்டுரை சொன்ன கணக்கு தப்பு கணக்குன்னு என் சொந்த காச போட்டு பாத்தவன்ங்கிற முறையில சொல்றேன்.

கன்டோன்மென்ட், அதாவது வெள்ளக்காரன் பட்டாளம் இருந்த பக்கம், நம்ம ஜனங்க இருக்கிற வீடுங்க எல்லாம் சும்மா வந்தது இல்ல. 1809ல வெள்ளக்காரன் இங்க கன்டோன்மென்ட் போட்டப்போ அவங்களுக்கு வேலை செய்ய ஆற்காடு, வேலூர், சேலம் பக்கத்துலருந்து வந்தவங்கதான் நம்ம முன்னோருங்க பாதி பேரு. கப்பன் பார்க்குல சிவப்பா நிக்குதே ஹைகோர்ட்டு, அட்டாரா கச்சேரி, அத கான்ட்ராக்ட் எடுத்து 1868ல கட்டி முடிச்சது ஆற்காடு நாராயணசாமி முதலியார்தான். 1898ல பிளேக் வந்து ஊரே பயந்து கிடந்தப்போ காத்தோட்டமா வீடு இருக்கணும்னு மல்லேஸ்வரம், பசவனகுடி பக்கம் ஜனங்க போனாங்க, 1910ல பிரேசர் டவுன் வந்துச்சு. அந்த காலத்து வீட்ட பாத்தீங்கன்னா முன்னாடி திண்ண மாதிரி வராந்தா, ஜன்னலுக்கு மேல கூம்பா மரப்பலகை வெச்ச மங்கி டாப், மேல மங்களூர் ஓடு. அந்த ஓடு மங்களூர்ல பாசல் மிஷன்காரங்க 1865ல ஃபேக்டரி போட்டு செய்ய ஆரம்பிச்சது. ஒரு ஓடு ஒடஞ்சா அந்த ஒண்ண மட்டும் மாத்தலாம். இன்னைக்கு போடுற கான்கிரீட்ல அப்படி ஒரு துண்ட மட்டும் எடுத்து மாத்த முடியுமா சொல்லுங்க.

நான் வாங்கின முதல் வீட்ட பத்தி சொல்றேன். 2011 அக்டோபர் 20ஆம் தேதி எம்.ஜி. ரோடுலருந்து பையப்பனஹள்ளி வரைக்கும் மெட்ரோ ஓட ஆரம்பிச்சுச்சு, அல்சூர்லயும் ஸ்டேஷன் வந்துச்சு, அந்த வருஷம் எங்க ஏரியாவுல எல்லாரும் வீட்ட விக்கிறதும் இடிக்கிறதுமாவே இருந்தாங்க. சோமேஸ்வரர் கோயிலுக்கு பின்பக்கம் ஒரு சந்துல 20க்கு 45 அடி வீடு, எழுபது வயசு தாண்டின ஒரு பாட்டியம்மா தனியா இருந்தாங்க, பிள்ளைங்க ரெண்டு பேரும் வெளிநாடு. பில்டருங்க மூணு பேரு வந்து பாத்துட்டு மண்ணு விலை மட்டும் சொல்லிட்டு போயிருக்காங்க. நான் கூட்டிட்டு போன இன்ஜினியரும் கீழ நின்னு அண்ணாந்து பாத்துட்டு சீலிங்கு தொங்குது, ஆயுசு முடிஞ்சுது, தள்ளிடுங்கன்னுட்டாரு. மேல ஏறவே இல்ல அவரு.

அந்த பாட்டியம்மாதான் என்ன கூப்பிட்டு, தம்பி வாசல் ரூம்ல கூரையத் தாங்குற மரச்சட்டத்துல ரெண்டாவது சட்டம் மட்டும்தான்ப்பா எனக்கு கல்யாணம் ஆகி வந்த வருஷத்துலருந்தே சொட்டுது, மத்தது எல்லாம் நல்லாதான் இருக்கு, அந்த மூலையில மழத்தண்ணி போற குழாய் ஒடஞ்சு கிடக்குது, யாரும் பாக்க மாட்டேங்கிறாங்கன்னாங்க. மறுநாள் எங்க தெரு மேஸ்திரி ஒருத்தர கூட்டிட்டு போனேன், அப்பவே அவருக்கு அறுபது வயசு. அவரு ஏணி போட்டு ஒவ்வொரு சட்டத்தையும் சுத்தியால தட்டி தட்டி காது குடுத்து கேட்டாரு. நல்ல மரம்னா கணீர்னு கேக்கும், உள்ள போயிருந்தா சத்தம் மொத்தையா இருக்கும். சுவருக்குள்ள சொருகி உக்காந்திருக்கிற முனைய ஸ்க்ரூடிரைவரால குத்திப் பாத்தாரு, ஏன்னா தண்ணி எறங்கினா முதல்ல போறது அந்த முனைதான், நடு மரம் நூறு வருஷம் ஆனாலும் அப்படியே இருக்கும். மொத்தம் பதினாலு சட்டம், பர்மா தேக்கு. அதுல கெட்டுப்போனது நாலு. அந்த நாலும் ஒடஞ்ச குழாய்க்கு கீழ இருந்தது. பாட்டியம்மா சொன்ன ரெண்டாவது சட்டம்தான் அதுல ரொம்ப மோசம். பழைய வீடு பாக்க போறவங்களுக்கு இதத்தான் நான் முதல்ல சொல்லுவேன், அங்க ரொம்ப நாளா குடியிருக்கிறவங்கள உக்கார வெச்சு எங்க ஒழுகுது, எந்த மழைக்கு ஒழுகுது, எப்பலருந்துன்னு பொறுமையா கேளுங்க, எந்த ரிப்போர்ட்டுலயும் அது இருக்காது.

சரி, சீலிங்கு ஏன் தொங்குச்சு? இத சொல்லியே ஆகணும், ஏன்னா இதுக்காகத்தான் இந்த ஊர்ல பாதி வீட்ட இடிக்கிறாங்க. அந்த காலத்து கூரை மெட்ராஸ் டெரஸ். சட்டத்துக்கு மேல சின்ன செங்கல்ல குத்தா, கோணலா வரிசை போட்டு சுண்ணாம்புல புடிப்பாங்க, அதுக்கு மேல செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு பொம்பளைங்க வரிசையா உக்காந்து மரக்கட்டையால நாள் கணக்கா அடிப்பாங்க, அப்புறம் தட்டோடுன்னு சொல்ற தட்டையான ஓடு பதிப்பாங்க. இது ஒழுக ஆரம்பிச்சா தட்டோட எடுத்து பழுதான எடத்துல சுண்ணாம்பு போட்டு திரும்ப பதிக்கணும். ஆனா எண்பதுகள்லருந்து என்ன பண்ணாங்க, ஒவ்வொரு தடவ ஒழுகும்போதும் மேல ஒரு இஞ்ச் சிமெண்ட்ட கொட்டி பூசிட்டு போயிட்டாங்க. அந்த வீட்டுல அப்படி நாலு இஞ்ச் சேந்திருந்துச்சு. 10க்கு 12 ரூமுக்கு நாலு இஞ்ச் சிமெண்ட்டுன்னா ரெண்டு டன்னுக்கு மேல எடை. அதுக்கு மேல ஆயிரம் லிட்டர் தண்ணி டேங்க் வேற, அது ஒரு டன்னு. எந்த மரம் தாங்கும்? நாங்க டேங்க எறக்கி சுவர் மேல பாரம் உக்கார்ற மாதிரி இரும்பு ஸ்டாண்டு போட்டு ஓரமா மாத்தினோம், நாலு இஞ்ச் சிமெண்ட்டையும் சின்ன உளி வெச்சு பொறுமையா பேத்தோம், மெஷின் வெச்சா அதிர்ச்சியில கீழ இருக்கிற செங்கல் கழண்டுடும். பாரம் எறங்கினதும் நாலு சட்டத்துக்கு முட்டு குடுத்துட்டு கெட்ட மரத்த எடுத்துட்டு பழைய மரக்கடையில அதே கனத்துல தேக்கு வாங்கி போட்டோம். முனையில தண்ணி படாம இருக்க சுவர்ல காத்து போற மாதிரி கொஞ்சம் எடம் விட்டோம். அவ்வளவுதான். ஆயுசு முடிஞ்சுதுன்னு சொன்ன கூரை பதினாலு மழைக்காலம் பாத்துடுச்சு.

ஆனா அதே வீட்டுல நான் பண்ண ஒரு தப்பும் இருக்கு, அதையும் மறைக்காம எழுதுறேன், வேற யாரும் பண்ணக்கூடாது. சுவர்ல பழைய சுண்ணாம்பு பூச்சு அங்கங்க உதுந்திருந்துச்சு. மேஸ்திரி சுண்ணாம்புலயே பூசலாம்னாரு, நான் சீக்கிரம் முடியணும்னு சிமெண்ட்டுல பூசி மேல வாட்டர்ப்ரூஃப் பெயின்ட்டும் அடிச்சேன். பாக்க புது வீடு மாதிரி பளபளன்னு இருந்துச்சு. ஒரு மழை போச்சு, ரெண்டாவது மழையில தரையிலருந்து மூணு அடி உயரத்துக்கு ஓதம் ஏறி, உப்பு பூத்து, பெயின்ட்டு கொப்புளம் கொப்புளமா வந்து சிமெண்ட்டு பாளம் பாளமா பேந்து விழுந்துச்சு. அப்போ அங்க குடியிருந்த குடும்பத்துல ஒரு கைக்குழந்தை, அதுக்கு சளி விடவே இல்ல. எனக்கு ராத்திரி தூக்கம் வரல.

அப்புறம்தான் மேஸ்திரி விளக்கமா சொன்னாரு. பழைய சுவரு செங்கல்லும் சுண்ணாம்பும், சில வீட்டுல செங்கல்லும் மண்ணும். அதுக்கு கீழ இன்னைக்கு மாதிரி கான்கிரீட் பெல்ட்டு கிடையாது, கருங்கல் அஸ்திவாரம்தான். தரையிலருந்து ஈரம் மேல ஏறத்தான் செய்யும், சுண்ணாம்பு பூச்சு வழியா அது வெளிய காத்துல போயிடும். சிமெண்ட்டு பூசினா வழி அடைஞ்சிடுது, ஈரம் உள்ளயே நின்னு மேல மேல ஏறுது, உப்பையும் கூட்டிட்டு வருது. மொத்தத்தையும் பேத்து மறுபடி சுண்ணாம்புல பூசினேன். சுட்ட சுண்ணாம்ப தொட்டியில தண்ணி ஊத்தி தாளிச்சு ரெண்டு வாரத்துக்கு கொறையாம ஊற வைக்கணும், எவ்வளவு நாள் ஊறுதோ அவ்வளவு வெண்ணை மாதிரி வரும். மணலும் செங்கல் தூளும் சேத்து கடுக்காய் ஊறின தண்ணி, வெல்லத் தண்ணி விட்டு அரைச்சு, மெலிசு மெலிசா ஒரு கோட்டு காஞ்சப்புறம் அடுத்த கோட்டு. சுண்ணாம்பு காத்துல இருக்கிற கார்பன் டை ஆக்சைட இழுத்துதான் கல்லு மாதிரி இறுகும், அதுக்கு நாள் ஆகும், அவசரப்பட்டா வெடிச்சிடும். ரெண்டு தடவ பூசினதுல எனக்கு ரெண்டே கால் லட்சம் தண்டம். ஆனா அந்த சுவர்ல இன்னைக்கு வரைக்கும் ஓதம் இல்ல.

இதனால சொல்றேன், பழைய வீட்ட எடுத்து ரெனவேஷன் பண்ணி விக்கிற புது ஆளுங்க நெறைய பேரு வந்துட்டாங்க, அதுல சில பேரு தொங்குற கூரைக்கு கீழ ஃபால்ஸ் சீலிங் போட்டு மூடிட்டு, ஓதம் ஏறின சுவருக்கு பிளைவுட் பேனல் அடிச்சிட்டு, வாசலுக்கு பழைய கதவு ஒண்ணு வாங்கி மாட்டி ஹெரிடேஜ்னு சொல்லி விக்கிறாங்க. வாங்குறவங்க ஃபால்ஸ் சீலிங் இருக்கிற பழைய வீட்ட பாக்க போனா ஒரு பலகையையாவது கழட்டி டார்ச் அடிச்சு மேல பாக்காம அட்வான்ஸ் குடுக்காதீங்க. கழட்ட விட மாட்டேன்னு சொன்னா கிளம்பிடுங்க.

எத காப்பாத்தணும் எத தூக்கி போடணும்னும் தெரியணும். தரை, கதவு, ஜன்னல், தூணு, ஓடு இதெல்லாம் காப்பாத்தலாம். சிவப்பு ஆக்சைடு தரைய பாதி பேரு டைல்ஸ் போட்டு மூடிடுறாங்க, அது மேல நாப்பது வருஷ மெழுகும் அழுக்கும்தான் இருக்கும், தேச்சு கழுவி தேங்காய் எண்ணெய் போட்டு துணியால நாலு நாள் துடைச்சா முகம் பாக்கலாம். ஆனா ஒயரிங்கும் பைப்பும் எவ்வளவு பழைய அழகா இருந்தாலும் மொத்தமா மாத்தியே ஆகணும், இதுல நான் யார் பேச்சையும் கேக்க மாட்டேன், நான் எலக்ட்ரிக்கல் லைன்லருந்து வந்தவன். மரப்பட்டி ஒயரிங்ல எர்த் கிடையாது, மேல சுத்தின ரப்பர் தொட்டா பொடியா கொட்டும். அந்த லைன்ல கீசரும் ஏசியும் மாட்டினா தீ புடிக்கிறதுக்கு நேரம் பாத்துட்டு இருக்குதுன்னு அர்த்தம். பழைய ஜிஐ இரும்பு பைப்பும் அப்படித்தான், உள்ள துரு ஏறி விரல் நுழையிற அளவுக்கு கூட ஓட்டை இருக்காது.

இப்ப காசு விஷயத்துக்கு வர்றேன். அந்த முதல் வீட்டுக்கு ரிப்பேர் ஒம்போது லட்சம்னு கணக்கு போட்டேன், முடியும்போது பதினாலரை ஆச்சு, அதுல நான் பண்ண சிமெண்ட்டு தப்பும் சேத்தி. அதுலருந்து எந்த வீடா இருந்தாலும் மேஸ்திரி சொல்ற தொகைக்கு மேல கால் பங்கு தனியா எடுத்து வெச்சுட்டுதான் வேலைய ஆரம்பிக்கிறேன். சுவர ஒடைக்கிற வரைக்கும் உள்ள என்ன இருக்குன்னு யாருக்கும் தெரியாது. அப்படி பதினாலரை செலவாகியும், அதே எடத்துல இடிச்சு புதுசா கட்ட அந்த வருஷம் கேட்ட கொட்டேஷன்ல பாதி கூட ஆகல, ஏழு மாசத்துல வாடகைக்கு ஆள் வந்தாங்க. அந்த கட்டுரை எழுதினவரு இடிக்கிற செலவு, அந்த ஒன்றரை வருஷம் வராத வாடகை, கடன் வாங்கின வட்டி இது எதையும் கணக்குல சேக்கவே இல்ல. அதே சமயம் பேங்க்ல லோன் சுலபமா கிடைக்கும்னு நினைக்காதீங்க, வேல்யூவர் வந்து கட்டடத்துக்கு இன்னும் எத்தன வருஷம் ஆயுசுன்னு எழுதி குடுத்தாதான் யோசிப்பாங்க, பழைய வீடுன்னாலே பாதி பேங்க்ல கதவ சாத்திடுவாங்க. கையில காசு இல்லாம இதுல எறங்குறது கஷ்டம்.

வாங்கி ஆறு மாசத்துல வித்துடலாம்னு வர்ற தம்பிங்களுக்கும் ஒரு வார்த்தை. கர்நாடகாவுல 45 லட்சத்துக்கு மேல போனா ஸ்டாம்ப் டியூட்டி 5 பெர்சென்ட், அதுக்கு மேல செஸ், சர்சார்ஜ், அப்புறம் 2025 ஆகஸ்ட் 31லருந்து ரிஜிஸ்ட்ரேஷன் ஃபீஸ ஒரு பெர்சென்ட்லருந்து ரெண்டா ஏத்திட்டாங்க. ஆக டவுன்ல ஏழரை பெர்சென்ட்டுக்கு மேல பத்திரத்துக்கே போயிடுது. ரெண்டு வருஷத்துக்குள்ள வித்தா லாபம் முழுசும் உங்க வருமானத்தோட சேந்து ஸ்லாப் படி வரி, ரெண்டு வருஷம் தாண்டினா 2024 ஜூலை 23லருந்து 12.5 பெர்சென்ட். இதையே தொழிலா திரும்ப திரும்ப பண்ணா பிசினஸ் வருமானம்னு எடுத்துப்பாங்க, அதுக்கு ஆடிட்டர முன்னாடியே கேட்டுடணும். ரிப்பேர் பில்லு ஒண்ணு விடாம வெச்சுக்கோங்க.

பத்திரம்தான் எல்லாத்தையும் விட பெரிய தலைவலி. கூரை ஒழுகினா அடைச்சிடலாம், பத்திரத்துல ஓட்டை இருந்தா அடைக்க முடியாது. வில்லங்க சர்டிஃபிகேட்டு ஆன்லைன்ல 2004 ஏப்ரல்லருந்து உள்ளதுதான் வரும், அதுக்கு முன்னாடி உள்ளத சப் ரிஜிஸ்ட்ரார் ஆபீஸ்ல தனியா எழுதி குடுத்து எடுக்கணும், பழைய வீட்டுல விஷயமே அங்கதான் இருக்கும். கத்தான்னா சொத்து யார் பேர்ல இருக்குன்னு மாநகராட்சி வெச்சிருக்கிற பதிவு, 2024 அக்டோபர்லருந்து அதோட ஆன்லைன் வடிவமான இ-கத்தா இல்லாம ரிஜிஸ்டர் ஆகாது. தாத்தா பேர்லயே கத்தா கிடக்கிற வீடு அல்சூர்லயும் மர்ஃபி டவுன்லயும் எத்தன இருக்கு தெரியுமா, வீட்டுக்காரங்க விக்கப்போற அன்னைக்குதான் முழிக்கிறாங்க. இப்ப மாநகராட்சியையும் அஞ்சா பிரிச்சிட்டாங்க, எந்த ஆபீஸ்ல போய் நிக்கணும்னே வயசானவங்களுக்கு தெரியல. விக்கிற எண்ணம் இல்லன்னாலும் கத்தாவ இப்பவே மாத்தி வெச்சுடுங்க.

அடுத்தது பொண்ணுங்க பங்கு. 2018ல பிரேசர் டவுன்ல ஒரு வீடு, நான் பாத்ததுலயே அழகான வீடு, மங்கி டாப்பு ஒண்ணு கூட ஒடையல. அண்ணன் தம்பி மூணு பேரு கையெழுத்து போட ரெடி. தங்கச்சி ஒருத்தங்க கோலார் தங்கவயல்ல இருந்தாங்க, அவங்களுக்கு கல்யாணத்துல நகை போட்டாச்சு, அவங்க கையெழுத்து எதுக்குன்னாங்க. அப்பா சொந்தமா சம்பாதிச்சு வாங்கி உயில் எழுதாம போயிட்டா 1956 இந்து வாரிசு சட்டத்துலயே பொண்ணுக்கும் சம பங்கு உண்டு. பூர்வீக சொத்துன்னா கர்நாடகாவுல 1994லயே திருத்தம் வந்துச்சு, 2005ல நாடு முழுக்க வந்துச்சு, அப்பா 2005ல உயிரோட இருந்தாரா இல்லையான்னு பாக்க வேண்டியதில்லன்னு 2020ல சுப்ரீம் கோர்ட்டும் சொல்லிடுச்சு. நகை போட்டா பங்கு தீந்துதுன்னு எந்த சட்டமும் சொல்லல. நான் அந்த அம்மாவ நேர்ல பாத்து பேசணும்னு சொன்னேன், அண்ணன்மாருங்க ஒத்துக்கல, விட்டுட்டு வந்துட்டேன். வேற ஒருத்தரு வாங்கினாரு, இப்ப வரைக்கும் கோர்ட்டுல இருக்கு, வீடு பூட்டி கிடந்து ஓடெல்லாம் சரிஞ்சு போச்சு. அந்த பக்கம் போனாலே வயிறு எரியுது.

லீசு குடித்தனமும் பாத்துக்கணும். நம்ம ஊர்ல வாடகை இல்லாம மொத்தமா அஞ்சு லட்சம் பத்து லட்சம் வாங்கிட்டு வீட்ட குடுக்கிற பழக்கம் இருக்கு இல்லையா. பழைய வீட்டுல பின்பக்க ரூம்ல அப்படி ஒரு குடும்பம் இருக்கும், காச ஓனரு எப்பவோ செலவு பண்ணிருப்பாரு. அந்த குடும்பத்துக்கு அவங்க காசு கைக்கு வந்தப்புறம்தான் நாம சாவி வாங்கணும். மின்சாரத்த கட் பண்ணி, தண்ணிய நிறுத்தி அவங்கள வெரட்டுற ஆளுங்கள நான் பாத்திருக்கேன். அப்படி வாங்கின வீட்டுல நான் ஒரு ஆணி கூட அடிக்க மாட்டேன்.

இடிச்ச வீடுன்னு சொன்னேனே, அது காக்ஸ் டவுன்ல. பக்கத்து சைட்டுல பேஸ்மென்ட்டுக்கு பன்னெண்டு அடி தோண்டி ரெண்டு மாசம் அப்படியே விட்டுட்டாங்க, நடுவுல நல்ல மழை. இந்த பக்க சுவரு மண்ணு சாந்துல கட்டினது, அஸ்திவாரத்தோட நழுவி மூலையில என் கை உள்ள போற அளவுக்கு விரிஞ்சு போச்சு, சுவரு வயிறு தள்ளி நின்னுச்சு. மேஸ்திரி பாத்துட்டு இது இனி மனுஷங்க தூங்குற எடம் இல்லன்னு ஒரே வார்த்தையில சொல்லிட்டாரு. ரெண்டு இன்ஜினியர்கிட்டயும் காட்டினேன், அவங்களும் அதத்தான் சொன்னாங்க. இடிச்சேன். மரம், ஓடு, கதவு எல்லாத்தையும் நம்பர் போட்டு கழட்டி அடுத்த வீட்டுக்கு எடுத்துக்கிட்டேன். அதனால எல்லா பழைய வீட்டையும் நிறுத்தணும்னு நான் சொல்லல. விரிசல் மேல ஒரு கண்ணாடி துண்ட சிமெண்ட் வெச்சு ஒட்டி ஒரு மழைக்காலம் பாருங்க, கண்ணாடி ஒடையலன்னா சுவரு நின்னுடுச்சு, ஒடஞ்சா இன்னும் நகருதுன்னு அர்த்தம். பாக்காமலே முடிவு பண்றதத்தான் வேணாங்கிறேன்.

நம்ம ஜனங்ககிட்ட நான் கேக்கிறது இதுதான். அல்சூர், மர்ஃபி டவுன், ஆஸ்டின் டவுன், சிவாஜி நகர் பக்கம் தாத்தா பாட்டி வீடு வெச்சிருக்கிறவங்க, பில்டரு வந்து ஜாயின்ட் டெவலப்மென்ட்டுன்னு, அதாவது உங்க மண்ணுல அவரு கட்டி ரெண்டு பேரும் பங்கு போட்டுக்கலாம்னு, பேப்பர நீட்டினா அன்னைக்கே கையெழுத்து போடாதீங்க. ஒரு வயசான மேஸ்திரியையும், மேல ஏறிப் பாக்கிற ஒரு இன்ஜினியரையும் கூட்டிட்டு வந்து காட்டுங்க. அதுக்கு ஆகிற செலவு சில ஆயிரம். கட்டடத்துக்கு மதிப்பு இருக்குன்னு தெரிஞ்சா விக்கிற விலையும் மாறும். அந்த பாட்டியம்மாவுக்கு நான் மண்ணு விலைக்கு மேல நாலு லட்சம் சேத்து குடுத்தேன், குடுத்தும் எனக்கு நஷ்டம் வரல. அவங்க இருந்த வரைக்கும் பொங்கலுக்கு வந்து அந்த வாசல் ரூம்ல உக்காந்துட்டு போவாங்க, உக்காந்த உடனே மேல ரெண்டாவது சட்டத்தத்தான் பாப்பாங்க.

அரசாங்கத்துக்கிட்டயும் ஒண்ணு கேக்கணும். இப்ப அஞ்சு மாநகராட்சி வந்திருக்கு, பழைய வீட்ட இடிக்காம ரிப்பேர் பண்றவங்களுக்கு எந்த வேலைக்கு அனுமதி வேணும், எதுக்கு வேணாம்னு தமிழ்லயும் கன்னடத்துலயும் ஒரு பக்கத்துல எழுதி ஒவ்வொரு வார்டு ஆபீஸ்லயும் ஒட்டி வெச்சா போதும். நான் ஓடு மாத்தினப்போ கூட ஒருத்தரு வந்து பிளான் எங்கன்னு நின்னாரு, ஆபீஸ்ல எழுத்துல கேட்டு வாங்கி வெச்சிருந்ததால தப்பிச்சேன். எல்லாருக்கும் அந்த விவரம் தெரியாது, பயந்துக்கிட்டே இடிக்கிறவங்க பக்கம் போயிடுறாங்க.

ஆசிரியர் ஐயா, உங்ககிட்ட கேக்கிறது கடைசியா ஒண்ணு. என் மேஸ்திரிக்கு இப்ப எழுபத்தி நாலு வயசு, முழங்கால் போயிடுச்சு, ஏணி ஏற முடியல. கீழ சேர் போட்டு உக்காந்து நாங்க தட்டுற சத்தத்த கேட்டே எந்த சட்டம் கெட்டதுன்னு சொல்றாரு. அவருக்கு தெரிஞ்ச சுண்ணாம்பு வேலை இந்த ஏரியாவுல இன்னும் ரெண்டு மூணு பேருக்கு தெரிஞ்சா அதிகம், அவங்களும் வயசானவங்க. நம்ம பேப்பர் படிக்கிறவங்க வீட்டுல அப்பாவோ மாமாவோ அந்த வேலை தெரிஞ்சவங்க இருந்தா தயவு செஞ்சு பேப்பருக்கு எழுதி போடுங்க, நீங்க அத வாரம் ஒரு தடவ ஒரு சின்ன பெட்டியா போட்டா வீடு வெச்சிருக்கிறவங்களுக்கு உதவும். வேலை கத்துக்கணும்னு நினைக்கிற பசங்க இருந்தாலும் சொல்லுங்க. என் வீட்டு பின்பக்கம் சுண்ணாம்பு தொட்டி ரெண்டு இருக்கு, ஒண்ணுல தை மாசத்துலருந்து சுண்ணாம்பு ஊறிட்டிருக்கு. கத்துக்கிற நாளுக்கும் நான் கூலி குடுக்கிறேன், மேஸ்திரியும் உக்காந்து சொல்லித் தர்றேன்னு சொல்லியிருக்காரு.

இப்படிக்கு,
அல்சூர் வாசகர் ஒருவர்,
பெங்களூரு